டவுன் காரை வீடு ஆபீஸாகுது: தட்டட்டி ஒழுக்கு, உப்புச் சுவர், பின்னால புதுக் கட்டடம்

தார்சா_டவுன்:

திருநெல்வேலி டவுன்ல, ரதவீதியில இருந்து உள்ள விலகுன தெருவுல ஒரு பழைய காரை வீடு. முகப்பு 21 அடி, நீளம் 118 அடி. திண்ணை, தார்சா (திண்ணைக்கு அடுத்த முன்கட்டு), பட்டாசல் (பெரிய கூடம்), முற்றம், ரெண்டாங்கட்டு, அடுக்களை, அதுக்குப் பின்னால கிணறும் 30 அடி காலி இடமும். செங்கல், சுண்ணாம்புச் சுவர், 18 இஞ்ச் கனம். ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டோட பொதுச்சுவர்.

பட்டாசல் 10-க்கு 20 அடி. மேல மெட்ராஸ் தட்டட்டி, அதாவது மரக்கட்டை மேல அச்சுக்கல் (சின்னச் செங்கல்), அதுக்கு மேல செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம் போட்ட மட்டக் கூரை. தேக்குக் கட்டை 4×6 இஞ்ச், தாவு (சுவருக்குச் சுவர்) 10 அடி, கட்டைக்குக் கட்டை 18 இஞ்ச். ரெண்டாங்கட்டு சீமை ஓடு, பனங்கை (பனைமரச் சட்டம்) வரிச்சல். தரை முழுக்க ரெட் ஆக்சைடு.

14 பேர் உக்காந்து வேலை பாக்குத சாப்ட்வேர் ஆபீஸா மாத்தணும். இப்ப உள்ள கோளாறு:

தட்டட்டி மேல ஏற்கெனவே யாரோ 2 இஞ்ச் சிமிட்டி போட்டு கூலிங் டைல் ஒட்டியிருக்காங்க. அப்படியும் பட்டாசல்ல ஈரத் திட்டு. சுவர்ல கீழ 3 அடிக்கு சிமிட்டிப் பூச்சு, உப்பு பூத்து உதிருது. கான்ட்ராக்டர் பட்டாசலுக்கு மேலயே கான்கிரீட் மாடி எடுக்கலாம்னு சொல்லுதாரு. பின்பக்கம் ரெண்டு தட்டுல புதுசா கட்டலாமானும் யோசனை. எதுல ஆரம்பிக்க?

காளவாசல்:

அண்ணாச்சி, தண்ணி எங்கன உள்ள வருதுன்னு அடைக்காம ஒரு சட்டி கலவை கூடக் குழைக்காதீங்க. முதல்ல தட்டட்டி, ரெண்டாவது சுவர் அடி, மூணாவது மரம். பெயின்ட்டு, கம்பி, ஏசி எல்லாம் கடைசி.

மேல இருக்க சிமிட்டியும் டைலும்தான் உங்க வில்லன். பழைய செங்கல் ஜல்லித் தளம் வெயிலுக்குக் கொஞ்சம் விரியும், சுருங்கும், இழுத்த ஈரத்தை வெளிய விட்டுரும். அதுக்கு மேல கெட்டிச் சிமிட்டி போட்டா நம்ம ஊர் வெயிலுக்கு அது மயிரிழை மயிரிழையா வெடிக்கும். அந்த வெடிப்புல இறங்குத தண்ணி மேல ஆவியாக வழி இல்ல, அப்படியே கட்டைக்குப் போயிரும். பாரமும் கணக்கு போடுங்க: 2 இஞ்ச் சிமிட்டியும் டைலும் சேந்து சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குக் குறையாது. பட்டாசல் 18.6 சதுர மீட்டர். ரெண்டே முக்கால் டன் சும்மா உக்காந்திருக்கு.

சின்ன உளி, கையால மட்டும் எடுங்க. இடிக்கிற மெஷின் வச்சா அடியில குறுக்கா நிக்க வச்சிருக்க அச்சுக்கல் கழண்டு கொட்டும்.

பழைய ஜல்லித் தளம் தட்டிப் பாத்தா கணீர்னு கேட்டா அதை விட்டுட்டு மேல தட்டோடு (தட்டை ஓடு) மட்டும் மாத்துங்க. பொத்துன்னு கேட்ட இடத்தை முழுசா எடுத்துப் புதுசு போடணும். அளவு: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, தாளிச்ச (தண்ணியில நீத்துன) சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது. நம்ம பொதுப்பணித்துறையோட பழைய அளவும் இதுதான். 4 இஞ்ச் விரிச்சு, அடிச்சு 3 இஞ்ச்சுக்குக் கொண்டு வரணும். பட்டாசல் முழுசும் போட்டா அடிச்ச பிறகு 50 கன அடி நிக்கும். வாங்குறப்ப ஜல்லி 65 கன அடி, சுண்ணாம்பு 25 கன அடி வச்சுக்கிடுங்க. ஜல்லி நல்லா வெந்த செங்கல்ல உடைச்சதா இருக்கணும், அதையும் முந்தின நாளே நனைச்சுப் போடணும். காஞ்ச ஜல்லி சுண்ணாம்புத் தண்ணியை உறிஞ்சிட்டு மாவா நிக்கும்.

மரக்கட்டையால வரிசையா உக்காந்து அடிக்கணும். அஞ்சாறு நாளாவது ஆகும். கட்டை பட்டு எகிறணும், தடம் விழக்கூடாது, அதுவரைக்கும் நிறுத்தாதீங்க. அடிக்கும்போது கடுக்காய், கருப்பட்டித் தண்ணி தெளிக்கணும். அப்புறம் வைக்கோல் பரப்பி 10 நாள் ஈரம். வாட்டம் 60-க்கு 1. தண்ணி போற மடைவாய் பக்கம் ஒரு விரக்கடை கூடவே இறக்குங்க.

ஐப்பசியில ஆரம்பிக்கவே கூடாது. தை பிறந்ததும் தொடங்கி பங்குனிக்குள்ள முடிங்க. சித்திரை வெயில்ல சுண்ணாம்பு இறுகுறதுக்கு முன்னாடியே காஞ்சு பொரிஞ்சிரும்.

சிமிட்டி_போதும்:

இவ்வளவு பாடு எதுக்கு? டைலை எடுத்துட்டு ரப்பர் மாதிரி வாட்டர்ப்ரூப் கோட்டிங் ரெண்டு கோட்டு அடிச்சா அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லையே. கருப்பட்டி விக்கிற விலைக்கு அதைச் சுவத்துக்கா ஊத்துறது?

காளவாசல்:

தம்பி, புது கான்கிரீட் தளத்துக்கு அது சரி. இங்கன கட்டையோட முனை ரெண்டும் சுவத்துக்குள்ள இருக்கு, கைப்பிடிச் சுவர் வழியா இறங்குற தண்ணியை உங்க கோட்டிங் பாக்காது. மேல மூடிட்டா ஒழுகுற வரைக்கும் தெரியவும் தெரியாது.

கருப்பட்டிக்கு: 100 லிட்டர் தண்ணிக்கு 3 கிலோ கருப்பட்டி, 2 கிலோ உடைச்ச கடுக்காய், ஒரு வாரம் ஊறணும். கொத்தனாருக்குக் கொத்தனார் அளவு கொஞ்சம் மாறும். வெல்லமும் ஆகும், உடன்குடிக் கருப்பட்டிதான் வேணும்னு இல்ல. கூட ஊத்துனா நல்லதுன்னு நினைக்காதீங்க, எறும்பு வரும், இறுகவும் நாளாகும். முக்கியமா இந்தத் தண்ணி மிஞ்சுனா சிமிட்டிக் கலவையில ஊத்திராதீங்க. சர்க்கரை பட்டா சிமிட்டி செட்டாகாது, மறுநாள் விரலால நோண்டலாம்.

பாளை_இன்ஜினியர்:

கான்ட்ராக்டர் சொல்லும் மாடியைப் பற்றி. வேண்டாம். காரணம் எண்களில்:

5 இஞ்ச் கான்கிரீட் தளம் மட்டும் சதுர மீட்டருக்கு 310 கிலோ. தரைப்பூச்சு சுமார் 100. அதன்மேல் 9 இஞ்ச் சுவர் 10 அடி உயரத்துக்கு எழுப்பினால், ஓடும் மீட்டருக்கு 1.3 டன் பழைய சுவரில் இறங்கும். 18 இஞ்ச் சுவர் நேர் பாரத்தை ஓரளவு தாங்கும் என்றே வைத்துக்கொண்டாலும், அது உங்கள் தனிச்சுவர் இல்லை. பக்கத்து வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அடித்தளம் ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கினால் வெடிப்பது அவர் வீட்டுச் சுவரும்தான்.

இப்போதுள்ள தட்டட்டியை அலுவலகத் தளமாகப் பயன்படுத்தலாமா என்றால், கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதிப்படி வீட்டு அறைக்கு உபயோகப் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. தனிக் கிடங்கு அறை உள்ள அலுவலகத்துக்கு 250, கிடங்கு இல்லாவிட்டால் 400. தட்டட்டியின் சொந்தப் பாரம் 400 வரை வரும். உங்கள் 4×6 தேக்குக் கட்டை, 10 அடி தாவு, 18 இஞ்ச் இடைவெளிக்குக் கணக்குப் போட்டால் முறியும் அபாயம் இல்லை. பிரச்சினை தொய்வு: 250 கிலோவுக்கு 12 மி.மீ., 400 கிலோவுக்கு 15 மி.மீ. தாவில் 240-ல் ஒரு பங்கு என்ற வரம்பு 12.7 மி.மீ. அதாவது பைல் அலமாரி, யூ.பி.எஸ். பேட்டரி அடுக்கு எதையும் மேலே ஏற்றவே கூடாது. கட்டை முழுதும் நல்ல மரமாக இருந்தால் வரும் கணக்கு இது. முனை உளுத்திருந்தால் செல்லாது. என் கருத்து: தட்டட்டி கூரையாகவே இருக்கட்டும், ஆட்கள் கீழே இருக்கட்டும்.

ஆசாரி_தென்காசி:

கட்டையைச் சோதிக்க ஒரு திருப்புளி போதும். சுவத்துக்குள்ள போற இடத்துல, அடியில இருந்து குத்துங்க. 5 மி.மீ.க்கு மேல இறங்குனா உளுப்பு. நடுவுல எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் நம்பாதீங்க, கெடுறது எப்பவும் சுவர் முனையிலதான்.

முனை மட்டும் போயிருந்தா கட்டையை மாத்தாண்டாம். உளுத்ததை வெட்டிட்டு, ரெண்டு பக்கமும் 8 மி.மீ. கனம், 5 இஞ்ச் அகலம், 3 அடி நீளத்துல இரும்புத் தகடு வச்சு 12 மி.மீ. போல்ட்டு மேலும் கீழுமா மாத்தி மாத்திப் பூட்டுங்க. நல்ல மரத்துல நாலு போல்ட்டாவது விழணும். தகடு சுவத்துக்குள்ள 6 இஞ்ச் போகட்டும், துரு தடுக்குற பெயின்ட்டு அடிச்சிட்டு. முனையைச் சுத்திக் கலவையால அடைக்காதீங்க, அரை இஞ்ச் காத்து இடம் வேணும்.

ஜாக்கி கொடுக்கும்போது ஒரு கட்டைக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. மூணு கட்டைக்கு அடியில ஒரு பலகை ஓட விட்டு, அதுக்குக் கீழ ஜாக்கி. பாரம் ஏறுற வரைக்கும் திருகுனாப் போதும். பழைய தொய்வை நிமித்தப் பாத்தா மேல அச்சுக்கல் வரிசை பிளந்துரும்.

பனங்கை: கறுப்பு வைரம் பாஞ்சதைத் தொடாதீங்க, அது இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்கும். வெளுத்த சோத்துப் பகுதி இருக்கத மட்டும் மாத்துங்க.

தார்சா_டவுன்:

இன்னைக்குப் பாத்தாச்சு. 13 கட்டையில 4-க்கு முனை இறங்குது, நாலும் மடைவாய் இருக்க சுவர்ப்பக்கம். கரையான் கோடும் ரெண்டாங்கட்டுல இருக்கு. அதுக்கு மருந்து அடிக்கலாமா? கிணறு 12 அடி தூரத்துல இருக்கு.

முற்றம்_வடிவமைப்பு:

நாலும் மடைவாய்ப் பக்கம் என்பதே பதில். மடைவாயைச் சுவருக்கு வெளியே குறைந்தது 6 அங்குலம் நீட்டி, கீழே குழாயில் இறக்குங்கள்.

கரையான் மருந்தில் எச்சரிக்கை தேவை. வழக்கமான முறை: தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ. விட்டம், துளைக்கு ஒரு லிட்டர் வரை கலவை. குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. ஆனால் கிணறு 12 அடி தூரத்தில் இருக்கும்போது அந்தப் பக்கச் சுவரில் மண்ணுக்குள் ஊற்றாதீர்கள். அங்கே மரத்தில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசினால் போதும். மண் கோடுகளைச் சுரண்டிவிட்டு மாதம் ஒருமுறை பார்த்து வாருங்கள். ரெட் ஆக்சைடில் துளை போட்டால் ஒட்டு தெரியும்; துளையைச் சுவரடிப் பட்டையில் சாய்வாகப் போடச் சொல்லுங்கள்.

முற்றத்தை மூடுவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பாலிகார்பனேட் ஷீட்டை ஓட்டு மட்டத்தில் வைத்து மூடிய முற்றம் சித்திரையில் அடுப்பு. கூரைக்கு மேல் 2 அடி தூக்கி, நான்கு பக்கமும் காற்று போகும்படி சாய்பட்டை (லூவர்) வைத்தால் சூடு வெளியேறும். என் விருப்பம்: மூடவே வேண்டாம், வலை மட்டும் போடுங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள நடைக்கு ஏசி வேண்டாம், பட்டாசலையும் ரெண்டாங்கட்டையும் கண்ணாடிக் கதவால் பிரித்து அவற்றுக்கு மட்டும் ஏசி.

திறந்த முற்றத்துக்கு வடிகால் கணக்கு: முற்றமும் அதற்குள் சாயும் ஓட்டுக் கூரையும் சேர்த்து 60 சதுர மீட்டர் என்றால், மணிக்கு 100 மி.மீ. மழையில் 6,000 லிட்டர். 110 மி.மீ. குழாய், 60-க்கு 1 வாட்டம் இருந்தால் தாராளமாகப் போகும். குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. தெருவைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, உங்கள் முற்றம் தெருவுக்குக் கீழே போயிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 மாதிரி மழை வந்தால் தெருத் தண்ணீர் அதே குழாயில் திரும்பி வரும். வெளித்தொட்டியில் ஒருவழி வால்வு வையுங்கள். ஓட்டுத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்குத் திருப்பலாம்.

காளவாசல்:

உப்புச் சுவரைச் சொல்ல விட்டுப் போச்சு. தெரு உசந்ததுதான் அதுக்கும் பாதிக் காரணம். சுவரோரம் வெளிய தேங்குத தண்ணி செங்கல்ல ஏறும். சிமிட்டிப் பூச்சு மூடியிருக்கதால வெளிய வர முடியாம இன்னும் மேல ஏறும். சிமிட்டியை இன்னும் ஒரு அடி கூட்டிப் பூசுனா உப்பும் ஒரு அடி கூட ஏறும்.

கறை நிக்குற கோட்டுக்கு மேல 2 அடி வரைக்கும் சிமிட்டியைப் பேத்து எடுங்க. செங்கல் இணைப்பை 20 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்க. உப்பைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டி அள்ளி வெளிய கொட்டுங்க. தண்ணி விட்டுக் கழுவுனா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிரும், எல்லாரும் செய்யுத தப்பு இதுதான். ஒரு மாசமாவது சுவரைத் திறந்து போடுங்க.

பிறகு சுண்ணாம்பு 1, மணல் 3. முதல் பூச்சு 12 மி.மீ., ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ரெண்டாவது 6 மி.மீ. பூச்சுக்குன்னு விக்கிற பி-சாண்டை வாங்குனா தூசி போகக் கழுவிக்கிடுங்க. தூசி கூடுனா பூச்சு சிலந்தி வலை மாதிரி வெடிக்கும். கல் சுண்ணாம்பு வாங்கித் தாளிச்சா குழியில தண்ணியை முதல்ல ஊத்தி அதுல சுண்ணாம்பைப் போடணும், மாத்திச் செஞ்சா தெறிச்சுக் கண்ணு போகும். கண்ணாடி போடாம எவரையும் பக்கத்துல விடாதீங்க. ரெண்டு வாரமாவது ஊறட்டும். மூட்டைச் சுண்ணாம்புப் பொடின்னா கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்க. பொங்குனா பழைய சரக்கு, இறுகாது, திருப்பி அனுப்புங்க.

மேல வெள்ளையடிப்பு மட்டும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சா இத்தனை பாடும் வீண்.

தார்சா_டவுன்:

வெள்ளை அடிச்சா சட்டையில ஒட்டும்லா. நாற்காலி உரசுற இடத்துக்கு என்ன செய்ய?

முற்றம்_வடிவமைப்பு:

நாற்காலி முதுகு உயரத்தில் 4 அங்குல மரப்பட்டை ஒன்று, சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி. அந்த உயரத்துக்கு மட்டும் சிலிகேட் பெயின்ட் அடிக்கலாம், அது ஈரத்தை அடைக்காது. சுவர் முழுவதும் பலகை போர்த்தாதீர்கள், பின்னால் கரையான் குடியேறும்.

எதிரொலியும் வரும். 13 அடி உயரம், ரெட் ஆக்சைடு தரை, கெட்டிச் சுவர். இரண்டு பேர் வீடியோ கால் பேசினால் மூன்றாமவர் வேலை செய்ய முடியாது. பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் சரியாகும் என்று சொல்கிறார்கள். பாய் மட்டும் அழகு, ஒலியை அது குடிக்காது. மரச்சட்டத்துக்குள் 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) வைத்து, மெல்லிய துணி போர்த்தி, அதன்மேல் கோரைப்பாய் கட்டினால் வேலை செய்யும். சுவர்ப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். பால்ஸ் சீலிங் கூடவே கூடாது. ஒழுக்கும் உளுப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

வயர்மேன்_மேலப்பாளையம்:

கரண்டு. சுவத்தை வெட்டிக் குழாய் பதிக்காதீங்க. சுண்ணாம்புச் சுவர்ல கட்டர் விட்டா ரெண்டு பக்கமும் அரை அடிக்குக் கலகலத்துரும். வெளிப்பக்கமா இரும்புக் குழாய், சுவர் மேல் விளிம்பு ஓரமா. எலி கடிக்கும்கதால பிளாஸ்டிக் பட்டி வேண்டாம். மேஜைக்கு இறக்குறது சுவரடியில தரைக்கு 1 அடி மேல ஓடுற தகரப் பெட்டிப் பாதை. அந்தப் பெட்டிக்குள்ள கரண்டுக்கு ஒரு தடுப்பு, நெட் கேபிளுக்குத் தனித் தடுப்பு.

லோடு: ஆளுக்கு 150 வாட்னு 14 பேருக்கு 2.1 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி மூணு, 4.8. பேன், லைட்டு, மோட்டார் சேத்து ரெண்டுக்குள்ள. மூணு பேஸ், 10 கிலோவாட் கேளுங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச்) ஒண்ணுல 14 கம்ப்யூட்டரையும் போட்டா காரணமே இல்லாம ட்ரிப் ஆகும், ஏன்னா ஒவ்வொரு பவர் சப்ளையும் கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்குக் கசியும். ஏழு ஏழாப் பிரிங்க. பேட்டரி, சர்வர் ரெண்டும் தரையில இருந்து 3 அடி மேல.

ஏசி வெளி யூனிட் தட்டட்டி மேல வைக்காதீங்க, அதிர்வுக்கு ஜல்லித் தளம் விரியும். சுவத்துல ஆங்கர் போல்ட்டு போட்டாலும் செங்கல் பொடிஞ்சு கழண்டு வரும். பின்பக்கம் தரையில இரும்பு ஸ்டாண்டு. உள் யூனிட்டுக்குச் சுவர் முழுக்கத் துளைச்சு மறுபக்கம் தகடு வச்சுப் பூட்டலாம், ஆனா பொதுச்சுவர்ல அது நடக்காது. பேன் கொக்கியைக் கட்டையில திருகாம, கட்டையைச் சுத்தி இரும்புப் பட்டை கவ்விக் கட்டுங்க.

பாளை_இன்ஜினியர்:

பின்பக்கம் புதுக் கட்டடம் தாராளமாகக் கட்டலாம். தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள்: கழிவறை, டீ போடும் இடம், ஏசித் தண்ணீர், மேல் தொட்டி. பழைய கட்டில் ஒரு குழாய்கூட வேண்டாம். பாரமான பைல் அறையும் அங்கேதான்.

முதலில் பழைய பின்சுவரை ஒட்டி 3 அடிக்கு 2 அடியில் ஒரு சோதனைக் குழி எடுத்து, அடித்தளம் எவ்வளவு ஆழம், கீழே செம்மண்ணா களியா என்று பாருங்கள். புது அடித்தளம் பழையதைவிட ஆழமாகப் போக வேண்டியிருந்தால், எத்தனை அடி கூடுதல் ஆழமோ அத்தனை அடியாவது தள்ளிப் போங்கள். தூண்களைப் பொதுச்சுவரிலிருந்து 3 அடி உள்ளே வைத்து, தளத்தை வெளியே நீட்டலாம். குழியை முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் தோண்டக் கூடாது. 4 அடி 4 அடியாக. கிணற்றோரம் தூண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புச் சட்டகம், டெக் ஷீட்டின் (மடிப்பு இரும்புத் தகடு) மேல் 4 இஞ்ச் கான்கிரீட். தூணின் அடித்தகடு தரைக்கு 6 இஞ்ச் மேலே முடியட்டும், மண்ணுக்குள் புதைத்தால் கழுவும் தண்ணீரில் துருப்பிடிக்கும். பழையதற்கும் புதியதற்கும் இடையே 50 மி.மீ. இடைவெளி, எந்தக் கம்பியும் குறுக்கே போகக் கூடாது. இரண்டும் வெவ்வேறு அளவில் இறங்கும், கட்டிப் போட்டால் பழையது வெடிக்கும். இடைவெளியை மூடும் மேல் தகட்டைச் சுவர் இணைப்பில் 25 மி.மீ. செருகிச் சுண்ணாம்பால் பூசுங்கள். அலுமினியத் தகடு வேண்டாம், ஈரச் சுண்ணாம்பு அதை அரித்துவிடும், ஸ்டெயின்லெஸ் போடலாம்.

நெல்லை_பிளான்:

வேலைக்கு முன் காகிதம். வீட்டை ஆபீஸாக்குவது பயன்பாட்டு மாற்றம், 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்ட அனுமதி வேண்டும். அளவுகளுக்கு 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள். தொடர் கட்டடப் பகுதியாக (வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் பகுதி) உங்கள் தெரு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பக்க இடைவெளி விதி அதைப் பொறுத்தது. மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்திலிருந்து மாற வேண்டும், சொத்து வரியும் மாறும். கோயிலைச் சுற்றிய தெருக்களில் மனை கோயிலுடையதாகவும் கட்டடம் மட்டும் நம்முடையதாகவும் இருப்பது உண்டு. மூலப் பத்திரத்தில் தரை யாருடையது என்று படியுங்கள். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் முடியாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். பொதுச்சுவருக்குப் பக்கத்து வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம். அவர்கள் சுவரில் இப்போதுள்ள வெடிப்புகளை அவர்களை வைத்துக்கொண்டே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

தார்சா_டவுன்:

கடைசியா ஒண்ணு. பின்பக்கத்துக்கு வேற வழி கிடையாது. இரும்பும் ஜல்லியும் தார்சா வழியாத்தான் போகணும், வாசல் மூணரை அடி. தரை என்ன கதிக்கு ஆகும்?

ஆசாரி_தென்காசி:

இரும்பை 12 அடிக்கு மேல ஒரே துண்டா வாங்காதீங்க. பட்டறையிலயே துளை போட்டு வந்து உள்ள போல்ட்டு பூட்டணும். பனங்கைக்குப் பக்கத்துல வெல்டிங் பொறி ஆகாது. நிலைக்கும் கதவுக்கும் பலகை கட்டிருங்க, கதவைக் கழத்தி வைக்கிறது இன்னும் நல்லது.

காளவாசல்:

ரெட் ஆக்சைடு மேல பாலித்தீன் விரிக்காதீங்க. அடியில வேர்த்து வெள்ளைத் திட்டு விழும், போகாது. 2 இஞ்ச் சலிச்ச மணல், அது மேல 12 மி.மீ. பிளைவுட். மணல்ல கல் கிடந்தா கீறிரும், சலிக்காமப் போடாதீங்க. வேலை முடிஞ்சு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சாப் போதும், மெழுகு பூசுனா வழுக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டச் சமயத்துல ரதவீதிக்குள்ள வண்டி விட மாட்டாங்க, ஜல்லி, இரும்பு, டெக் ஷீட் எல்லாம் வைகாசிக்குள்ள பின்பக்கம் இறங்கியிருக்கணும்.